5 விநாடி ஒன்றுதான், உரிமை வேறு

கூடைப்பந்தில் எதிரணி கூடை போட்டபின் பந்தை ஆடுகளத்துக்கு உள்ளே போடுவதும், பந்து வெளியே போனபின் நடுவர் காட்டிய இடத்திலிருந்து போடுவதும் ஒன்றென நினைத்தே பலர் பந்தைப் பறிகொடுக்கிறார்கள். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதியில் இரண்டுக்கும் பந்தைக் கையிலிருந்து விட 5 விநாடிதான். ஆனால் முன்னதில், கூடைக்குப் பின்னால் ஆடுகளம் முடியும் கடைக்கோட்டுக்குப் பின்னால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடலாம். அங்கேயே நிற்கும் சக வீரரிடமும் பந்தைக் கொடுக்கலாம். கைமாறினாலும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது. முதலாமவர் பந்தை எடுத்ததிலிருந்தே கணக்கு. டைம்-அவுட் (அணி கேட்டுப் பெறும் சிறு இடைவேளை) முடிந்து அதே கடைக்கோட்டுக்குத் திரும்பினாலும் ஓடும் உரிமை போகாது.

பின்னதுதான் நெருக்கடி. பக்கவாட்டில் நகர மொத்தமே 1 மீட்டர். எதிரே ஒருவர் கைவிரித்துக் குதிக்க, அருகில் நடுவரின் கை எண்ணிக்கையைக் காட்டி விநாடிக்கு ஒருமுறை வீசும். நேர்பின்னால் இடமுள்ளவரை நகரலாம். பதற்றத்தில் பலருக்கு அது நினைவிருப்பதில்லை.