யூராலஜி பிரிவு: நாலு ஸ்டார், ஒன்று ஏன் குறைந்தது என்று கீழே

சித்தப்பா ஈரோட்டில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர், பீடியும் உண்டு. சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி துளியும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தம் தானாக நிற்கும், அப்புறம் திரும்ப வரும். அதற்குப் பிறகுதான் இங்கே வந்தோம்.

டாக்டர் முதலில் கேட்டதே பீடியும் வேலையும்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணமாம், பழைய சாயங்களில் இருந்த பென்சிடின் மாதிரி ரசாயனங்கள் வேலையை விட்டு இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட வேலையைக் காட்டுமாம். ஸ்கேனோடு நிறுத்தாமல் மரத்துப்போகும் ஜெல் போட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்தார்கள், திரையில் கட்டியைச் சித்தப்பாவே பார்த்தார்.

வயிற்றில் கத்தி வைக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்தார்கள். சுரண்டியதைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'மாதிரியில் தசை இல்லை' என்று ஒரு வரி. அதனால் சில வாரத்தில் இன்னொரு முறை சுரண்ட வேண்டும் என்றதும் காசு பிடுங்குகிறார்களோ என்றுதான் சித்தி கேட்டார், டாக்டர் முகத்துக்கு நேராகவே. மனுஷன் கோபப்படவில்லை. சீட்டின் பின்பக்கம் படம் போட்டு, புற்று தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வரலாம், இறங்கவில்லை என்றால் பையை வைத்துக்கொண்டே வைத்தியம் பார்க்கலாம், தசையைப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார். இறங்கவில்லை, நல்லவேளை.

அடுத்தது புற்று திரும்ப வராமல் இருக்கப் பிசிஜி மருந்து, காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் அதே கிருமி. வாரம் ஒன்றாக ஆறு தடவை, குழாய் வழியாகப் பைக்குள் விட்டு இரண்டு மணி நேரம் அடக்கச் சொல்வார்கள். நர்ஸ் அக்கா தங்கம்: அன்றைக்கு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே யூரின் போங்க, போனதும் டாய்லெட்டில் பிளீச் ஊற்றி கால் மணி நேரம் விட்டுத் தண்ணி ஊத்துங்க என்று ஒவ்வொரு வாரமும் சலிக்காமல் சொன்னார்.

குறை? மருந்து ஸ்டாக் இல்லை என்று ஒரு போன்கூடப் பண்ணவில்லை, பஸ் ஏறி வந்தபின் சொன்னார்கள். சிஸ்டோஸ்கோப்பி முடிந்து எரிச்சலோடு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்தத் தளத்தில் ஒரே ஒரு டாய்லெட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா பார்க்கும் செலவு எஸ்டிமேட்டில் வராது, பில்லிங்கில் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.