முன்னூறு, அப்புறம் ஆயிரத்து இருநூறு: பெட்ரோல் பங்க்கில் காசு போகும் வழி

வட சென்னையில் கார் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வீட்டில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். இதில் அதிகம் மாட்டுவது அவர்களும், வண்டியை விட்டு இறங்க முடியாத பெரியவர்களும்தான்.

நடந்தது இது. காலை நேரம், பின்னால் ஆட்டோவும் லோடு வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும் கூட்டமான பங்க். வேகன்ஆர் காரில் உட்கார்ந்தபடியே ஒருவர் "ஆயிரத்து ஐநூறுக்குப் போடுங்க" என்கிறார். மீட்டரில் ஜீரோ காட்டித்தான் ஆரம்பிக்கிறார்கள். முன்னூறு ரூபாயில் பம்ப் நிற்கிறது. "முன்னூறுன்னு காதுல விழுந்துச்சு சார், மீதி ஆயிரத்து இருநூறு போட்டுடறேன்" என்கிறார் போடுபவர். அதே நொடியில் இன்னொருவர் ஜன்னலருகே வந்து "கார்டா, ஜிபேவா சார்?" என்று கேட்கிறார். மூன்றாமவர் முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிக்கிறார். ஓட்டியவர் போனை எடுத்து, கடவுச்சொல் போட்டுத் திரும்பும்போது மீட்டரில் 1200 என்று நிற்கிறது. முன்னூறும் ஆயிரத்து இருநூறும் சேர்ந்து ஆயிரத்து ஐநூறு என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. பணமும் போய்விடுகிறது.

வண்டிக்குள் இறங்கியதோ 1200 ரூபாய் பெட்ரோல் மட்டும்தான்.

எப்படி என்றால், முன்னூறில் நிறுத்தியவர் நாசிலை, அதாவது பெட்ரோல் போடும் குழாய் முனையை, அதன் இடத்தில் திரும்ப மாட்டவே இல்லை. இப்போது இருக்கும் பம்ப்களில் நாசிலைத் தாங்கியில் மாட்டி மறுபடி எடுத்தால்தான் மீட்டர் ஜீரோவுக்கு வரும். கையிலேயே பிடித்துக்கொண்டு விசையை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால், 300 இருந்த இடத்திலிருந்தே எண்ணிக்கை தொடரும். 1200 வந்ததும் கையாலேயே நிறுத்திவிட்டார். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், 14.85 லிட்டர் வரவேண்டிய இடத்தில் 11.88 லிட்டர் வந்திருக்கிறது. குறைந்தது 2.97 லிட்டர். சிட்டிக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு இது 44 கிலோமீட்டர் ஓட்டம்.

பில் கேட்டதற்கு "மிஷின்ல பேப்பர் இல்ல" என்றார்கள். அங்கேதான் அவருக்கு சந்தேகம் வந்தது. மேனேஜர் அறைக்குப் போய், அந்த நாசிலில் கடைசி பதினைந்து நிமிடத்தில் நடந்த விற்பனைப் பதிவைக் காட்டச் சொன்னார். ஆட்டோமேஷன் வைத்த பங்க்குகளில் ஒவ்வொரு விற்பனையும் நாசில் எண், நேரம், லிட்டர், தொகையோடு கம்ப்யூட்டரில் விழும். இரண்டு தடவை போட்டிருந்தால் 300-க்கு ஒன்று, 1200-க்கு ஒன்று என இரண்டு வரி இருக்கவேண்டும். இருந்தது ஒரே வரி: 11.88 லிட்டர், 1200 ரூபாய். முன்னூறு ரூபாயை மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டியை வெளியே எடுத்துக்கொண்டு போய், மறுநாள் வந்து கேட்டிருந்தால் நிரூபிப்பது பெரும்பாடு.

ஆகவே முதல் வேலை, வண்டியை விட்டு இறங்குங்கள். மீட்டர் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். பணம் கொடுக்கும் பேச்சையே நாசில் திரும்ப மாட்டப்படும் வரை எடுக்காதீர்கள்; கார்டு மிஷினோடு யார் வந்தாலும் "முடியட்டும்ப்பா, தர்றேன்" என்றால் போதும். வாயால் தொகை சொல்வதோடு விடாமல், "செட் பண்ணிட்டுப் போடுங்க" என்று சொல்லி, பம்ப்பில் இருக்கும் பட்டன்களில் 1500 என்று அழுத்துவதைப் பாருங்கள். செட் செய்துவிட்டால் அந்தத் தொகையில் பம்ப் தானே நிற்கும், நடுவில் நிற்கக் காரணமில்லை. அப்படியும் நடுவில் நின்றால், அதுவரை போட்டதற்கு முதலில் பில் வாங்குங்கள், நாசிலை மாட்டச் சொல்லுங்கள், ஜீரோ பார்த்தபிறகு மீதியைப் போடச் சொல்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். அந்த அவசரம்தான் இவர்களுக்கு முதலீடு.

ரூபாய்க் கணக்கை விட லிட்டர் கணக்கில் கேட்பது நல்லது. பத்து லிட்டர் என்று கேட்டால் விலையைப் பத்தால் பெருக்கிப் பார்த்துவிடலாம், நடுவில் குழப்ப இடம் குறைவு. 100, 200, 500 என்று முழுத் தொகையாகக் கேட்காமல் 110, 530 என்று கேட்டால் ஏமாற்ற முடியாது என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தியை நம்பவேண்டாம். மீட்டரில் கோளாறு செய்திருந்தால் அது பெரும்பாலும் எந்தத் தொகைக்கும் அதே விகிதத்தில்தான் குறைக்கும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வேலை, கேட்காமலே விலை கூடிய பிரீமியம் பெட்ரோலைப் போட்டுவிடுவது. "நார்மல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மீட்டரில் லிட்டர் விலையையும் பாருங்கள். உங்கள் வண்டியின் கையேடு கூடுதல் ஆக்டேன் கேட்கவில்லை என்றால் அந்தக் கூடுதல் காசுக்கு எஞ்சின் ஒன்றும் திருப்பித் தராது. மைலேஜ் கூடும் என்று சின்ன பாட்டிலைத் திறந்து டேங்க்கில் ஊற்றிவிட்டுக் காசு கேட்பதும் உண்டு. கேட்காமல் ஊற்றினால் கொடுக்காதீர்கள்.

இனி அளவு. பம்ப்பே குறைத்து அளக்கிறதா என்ற சந்தேகம் எல்லாருக்கும் உண்டு. மீட்டர் சுழல்வதை மின்துடிப்பாக மாற்றும் பல்ஸர் என்ற பாகத்தில் கைவைத்து, வராத பெட்ரோலுக்கு எண்ணிக்கை ஓடவைக்க முடியும். 2017-இல் லக்னோவில் நடந்த சோதனையில் ரிமோட்டில் இயங்கும் சிப் பொருத்திய பங்க்குகள் சிக்கின. ஆகவே சந்தேகம் தப்பில்லை. அதைத் தீர்க்கும் கருவி ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கவேண்டும்: முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளை. வாடிக்கையாளர் கேட்டால் அளந்து காட்டவேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அதற்குமேல் குறைந்தால் அந்தப் பம்ப்பில் விற்கக்கூடாது.

அளக்கும் முறை முக்கியம். காய்ந்த குவளையில் நேராக அளந்தால் உள்சுவரில் ஒட்டும் பெட்ரோலால் குறைவாகக் காட்டும், வீண் சண்டை வரும். முதலில் ஒருமுறை நிரப்பிக் கொட்டி, நன்றாக வடியவிட்டு, சமதரையில் வைத்து, 5 லிட்டர் செட் செய்து பிடிக்கவேண்டும். நுரை அடங்கியதும் கழுத்தில் இருக்கும் கோட்டைக் கண்மட்டத்தில் பார்க்கவேண்டும். உங்களுக்குப் போட்ட அதே நாசிலில், உடனே அளக்கச் சொல்லுங்கள். "அந்த பம்ப்புக்கு வாங்க சார்" என்று இழுத்தாலோ, யாராவது அவசரமாக உள்ளே போனாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குவளையின் முத்திரையையும், பம்ப்பின் இந்த வருஷத்து முத்திரைச் சான்றிதழையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். அனுமதித்த எல்லை முழுவதும் உங்களுக்குப் பாதகமாகவே இருந்தாலும் 30 லிட்டருக்கு 150 மில்லி, பதினைந்து ரூபாய். கையால் நிறுத்திப் போடும் வித்தையில் ஒரே தடவையில் போனது முன்னூறு. கவனம் எங்கே இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

டேங்க் கொள்ளளவை வைத்துச் சண்டை போடுபவர்களும் உண்டு. "32 லிட்டர் டேங்க்கில் 34 எப்படிப் போகும்?" போகும். கம்பெனி சொல்லும் அளவுக்கு மேலே ஆவிக்கு விட்ட இடமும் கழுத்துக் குழாயும் இருக்கின்றன. டேங்க் நிரம்பி நாசில் தானாக நின்றபிறகும், அதாவது ஆட்டோ கட் ஆனபிறகும், சொட்டுச் சொட்டாக ரவுண்டு தொகைக்கு நிரப்பினால் அந்த இடமும் நிரம்பும். அது வண்டிக்குக் கெடுதல்: ஆவியை உறிஞ்சும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அது வீணாகும். முதல் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

காலையில் குளிர்ந்த பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. பெட்ரோல் 10 டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் விரிவது உண்மை. ஆனால் அது பூமிக்கடியில் டேங்க்கில் கிடக்கிறது, அங்கே காலைக்கும் மதியத்துக்கும் வெப்பம் அவ்வளவாக மாறாது.

வட சென்னைக்காரர்கள் அளவை விட அதிகமாகப் பயப்படவேண்டியது தண்ணீருக்கு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி, கொடுங்கையூர் எல்லாம் மழைக்கு எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்த்தோமே. பங்க் தளத்தில் தண்ணீர் ஏறினால் மூடி வழியாகவோ குழாய் இணைப்பு வழியாகவோ தரையடி டேங்க்குக்குள் இறங்கலாம். எத்தனால் (எரிசாராயம்) கலக்காத அந்தக்காலப் பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியாகக் கிடக்கும். இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் படியும். அந்தக் கலவை நாசில் வழியாக வந்தால் வண்டி கொஞ்ச தூரத்திலேயே திக்கும், பிறகு நிற்கும்.

அப்படி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் அந்தத் தண்ணீரை பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் இழுத்துக்கொண்டு போகும். தள்ளியோ கட்டி இழுத்தோ ஓரம்கட்டி, மெக்கானிக்கை வைத்து டேங்க்கை இறக்கி, முதலில் வருவதைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து மூடிவையுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் கோடு போட்டாற்போல இரண்டு அடுக்கு தெரியும். பெட்ரோல் போட்ட பில், மெக்கானிக் பில், அந்த ஜாடி, மூன்றும்தான் உங்கள் சாட்சி. மழை முடிந்த இரண்டு மூன்று நாளைக்கு, தளம் தாழ்ந்த பங்க்குகளைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் டேங்க்கில் கோல் விட்டு, தண்ணீர் காட்டும் பசை தடவிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்தப் பசை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு உரியதாக இருக்கவேண்டும். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போதும் போடாதீர்கள், அடியில் கிடப்பது கலங்கும்.

ஒரு எச்சரிக்கை. பாட்டிலில் பெட்ரோல் பிடித்து, அதில் தண்ணீர் ஊற்றி, "பாருங்கள், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள்" என்று வீடியோ போடுகிறார்கள். 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் விட்டால் அடியில் 30 மில்லி அளவுக்கு அடுக்கு தெரியும். கூடுதலாகத் தெரிவது அந்த 20 சதவீத எத்தனால்தான். அதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

கலப்படச் சந்தேகத்துக்கு ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், பங்க்கில் வைத்திருக்கவேண்டும். நாசில் வாயைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் சுமார் இரண்டு நிமிடத்தில் ஆவியாகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்காகக் கறை தங்கினால் சந்தேகம்தான். லேசான நிறம் மட்டும் தங்கினால் அது பெட்ரோலில் சேர்க்கும் சாயமாக இருக்கலாம். மண்ணெண்ணெய் இதில் மாட்டும், சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்கள் மாட்டாது. அடுத்தது அடர்த்தி. அதை மிதவைக் கருவியிலும் தெர்மாமீட்டரிலும் பார்த்து, அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றி, டேங்கர் வந்தபோது எழுதிய எண்ணோடு ஒப்பிடவேண்டும். கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மாற்றாமல் பார்த்தால் நம்மூர் வெயிலில், 32 டிகிரியில், சுமார் 15 கிலோ குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் கலப்படம் என்று கத்தவேண்டாம்.

காசு மிச்சம் பண்ண நினைப்பவர்களுக்கு ஒன்று: மணலி சுத்திகரிப்பு ஆலை பக்கத்தில் இருப்பதால் விலை குறையாது. ஆனால் ஜிஎன்டி சாலையில் ஆந்திரா போகிறவர்கள் ஆரம்பாக்கம் தாண்டுவதற்குள் நிரப்பிக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மாநில வரி கூடுதல், லிட்டருக்குப் பல ரூபாய் வித்தியாசம். டயருக்குக் காற்று பங்க்கில் இலவசம், டிப்ஸ் கேட்டால் கொடுப்பது உங்கள் விருப்பம்.

ஏமாந்தது தெரிந்தால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நாசில் எண்ணையும் மணியையும் எழுதிக்கொண்டு, விற்பனைப் பதிவைக் கேளுங்கள். புகார்ப் புத்தகத்தில் எழுதி, எழுதிய பக்கத்தின் நகலை வாங்குங்கள். எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண் பங்க் பலகையில் இருக்கவேண்டும், அங்கிருந்தே கூப்பிடுங்கள். அளவு குறைந்த புகாரை சட்டமுறை எடையளவைப் பார்க்கும் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் தொகையோடு லிட்டரையும் எழுதுங்கள்: கேட்டது 14.85, வந்தது 11.88 என்று.