ஜான் ஸ்னோவா, யங் கிரிஃபா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல்களில், அரியணை இழந்த டார்கேரியன் அரச வம்சத்தில் ஒளித்து வளர்க்கப்பட்ட வாரிசு யார்? நெட் ஸ்டார்க் பிரபு தன் முறைதவறிப் பிறந்த மகன் என்று சொல்லி வளர்க்கும் ஜான் ஸ்னோவுக்கான தடயங்கள் 1996-இல் வந்த முதல் நாவலிலேயே சிதறிக் கிடக்கின்றன: நெட்டின் தங்கை லியானா சாகும்போது கேட்ட சத்தியம், டார்கேரியன் இளவரசன் ரேகார் அவளுக்குத் தந்த நீல ரோஜாக்கள், தங்கை உடலைப் பிடித்தபடி பேச்சற்றுப்போன நெட். ஜான் இந்த இருவரின் மகன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அதுதான் அழகு. 2016-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர் அவன் லியானாவின் மகன்தான் என்று காட்டியும்விட்டது.

யங் கிரிஃப் கதை நேர்மாறு. 2011-இல், ஐந்தாம் நாவலில்தான் வருகிறான். ஒரு குடுவை ஒயினுக்கு வாங்கிய தோல் பதனிடுபவரின் பிள்ளையைத் தொட்டிலில் வைத்துவிட்டு, ரேகாரின் மகனான குழந்தை ஏகானைக் கடத்தினார்களாம்; அந்த ஏகான்தான் இவனாம். ஏகான் என்று கொல்லப்பட்ட குழந்தையின் முகம் சிதைந்திருந்ததால் மறுக்கவும் வழியில்லை. வசதியான கதைதான்! அப்புறம், அவனுக்குத் துணை நிற்பது கோல்டன் கம்பெனி. டார்கேரியன்களின் கிளை வம்சமாக இருந்தும் அவர்களையே எதிர்த்த பிளாக்ஃபயர் தரப்பினர் தொடங்கிய கூலிப்படை. எனக்கென்னவோ பையன் பிளாக்ஃபயர் வாரிசு என்றே படுகிறது. பாவம், அவனுக்கே தெரிந்திருக்காது.