புதுச்சேரியில் 'வால்வு கார்பன் கிளீனிங்': 8,500 ரூபாய் பில், ஸ்பேனர் படாத போல்ட்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வண்டியை சர்வீஸ் விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் நடுக்கம், பாலம் ஏறும்போது இழுவை இல்லை, செக் இன்ஜின் விளக்கு வேறு விட்டு விட்டு எரிந்தது. கடலூர் சாலையில் பளபளவென்று இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். ஸ்கேனர் போட்டார்கள், என்ன கோடு (கோளாறு எண்) வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகச் சின்ன கேமரா ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வின் முதுகில், அதாவது காற்று வரும் பக்கத்தில், தார் ஊற்றினதுபோல் கரி.

"இப்படியே ஓட்டினா வால்வு வளைஞ்சிடும் சார்" என்றார் சூப்பர்வைசர். இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத்தூள் அடித்துச் சுத்தம் செய்வது, அந்த இணைப்பில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட், எல்லாம் சேர்த்து 8,500. கட்டினேன். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. கேட்டால், "கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும் சார்" என்கிறார்.

அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். மேனிஃபோல்ட் போல்ட்டுகளின் தலையில் பழைய புழுதி எண்ணெயோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. "இதைக் கழட்டாம கேஸ்கெட்டை எந்த வழியா தம்பி மாத்தினானுங்க?" என்றார். அவர் கை வைப்பதற்கு முன்பே வீடியோ எடுத்துக்கொண்டேன்.

போட்டோவும் என் வண்டியுடையது இல்லை. பிளக் ஓட்டை வழியாகக் கேமரா விட்டால் பிஸ்டன் தலையும் வால்வின் அடிப்பக்கமும்தான் தெரியும். கரி படிகிற முதுகுப் பக்கம் தெரிய வேண்டுமானால் இன்டேக் வழியாகத்தான் விட வேண்டும்.

கார்பன் படிவது கட்டுக்கதை என்று சொல்ல வரவில்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ ஆளில்லை. இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி அங்கே சூட்டில் கருகி ஒட்டிக்கொள்ளும். டேங்கில் ஊற்றும் கிளீனரும் அந்த இடத்துக்குப் போகாது. அவற்றுக்கு வால்நட் தூள் அடிப்பது நியாயமான வேலைதான். என் வண்டி போர்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோலே வால்வின் மேல் தெளிக்கப்பட்டு உள்ளே போகிறது. அதிலும் கொஞ்சம் படியும், அந்தப் போட்டோ அளவுக்கு சாதாரணமாகப் படியாது.

அண்ணன் ஸ்கேனரில் வந்த கோடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பிளக்கில் பொறி வரவைக்கும் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று இருக்கும்; மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். கோடு பி0301 ஆனது. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். புது காயில் போட்டதும் நடுக்கம் நின்றது.

ஒர்க்‌ஷாப் ஓனரிடம் வீடியோவைக் காட்டினேன். "அடுத்த சர்வீஸ்ல லேபர் கழிச்சுக்கலாம் சார்" என்றார். அடுத்த சர்வீஸாம்!

கடை புதுச்சேரியில் இருந்தாலும் புகார் கொடுக்க அங்கே அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நாம் கடைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், போட்டோ, போல்ட் வீடியோ மூன்றையும் வைத்து கடலூரில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் வந்தால் சொல்கிறேன்.