வெள்ளி சாமான் போட்டோ எடுக்க "ரிஃப்ளெக்ஷன் கட்" கிட்னு விக்கானுவ, வாங்கிராதீங்க. 16,800 ரூவா போச்சு

வயிறு எரியுது, அந்த எரிச்சலோடயே எழுதுகேன், பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க. வெள்ளிப் பாத்திரம், கொலுசு, பூஜை சாமான் இதெல்லாம் ஆன்லைன்ல விக்கிறவங்க கண்டிப்பா படிங்க, கடைசில என்ன பண்ணணும்னும் சொல்லுகேன்.

எங்க மாமாவுக்கு நாகர்கோவில் வடசேரியில பட்டறை. வெள்ளியில செஞ்சு சிவப்புக்கல் பதிச்சு தங்க முலாம் போடுற கோயில் நகைதான் முக்கியமான வேலை, அதுக்கு புவிசார் குறியீடுல்லாம் கிடைச்சிருக்கு. கூடவே வெள்ளி கிண்டி (மூக்கு வச்ச செம்பு), குத்துவிளக்கு, சந்தனக் கும்பான்னு ஆர்டருக்கு செஞ்சு குடுப்பாரு. போட்டோ எடுத்து போடுறது என் பொறுப்பு. நகையில பெருசா தொல்லை இல்ல, கல்லும் வேலைப்பாடும் இருக்கதால வெளிச்சம் சிதறிப் போயிரும். கிண்டிதான் கழுத்தறுப்பு. பாலிஷ் போட்ட வெள்ளி, மேல படுற வெளிச்சத்துல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல திருப்பி அடிக்கும், கிண்டியோட வயிறு உருண்டையா இருக்கா, அப்ப ரூம்ல உள்ள அத்தனையும் அதுல வளைஞ்சு தெரியும், டியூப்லைட், ஜன்னல் கம்பி, போனு, நான் போட்டிருக்க நைட்டியில உள்ள பூவு வரைக்கும். ஆவணி முகூர்த்தம் வருது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல இருந்தெல்லாம் "கிளியரா ஒரு போட்டோ அனுப்புங்க"ன்னு கேக்காங்க.

இந்த நேரத்துலதான் போட்டோ சாமான் விக்கிற ஒரு பக்கம் கண்ணுல பட்டுது, சின்ன சின்ன வீடியோ வருமே, அந்த மாதிரி ஆப்ல கடை போட்டிருக்கானுவ. ஒரு வெள்ளைக் கூடாரம், ரெண்டு எல்இடி பேனல், லென்ஸ்ல மாட்டுற "ஆன்டி ரிஃப்ளெக்ஷன் ஃபில்டர்", எல்லாம் சேத்து 18,000. வெள்ளி, ஸ்டீல், எதுவானாலும் ஃபில்டரை திருப்பினா பிரதிபலிப்பு மறைஞ்சிரும்னு போட்டிருந்தான். நான் உடனே நம்பல, வீடியோ கால்ல காட்டுங்கன்னு கேட்டேன். காட்டினான். அங்கதான் விழுந்துச்சு நம்பிக்கை. ஒரு வெள்ளிச் செம்பை கூடாரத்துக்குள்ள வச்சான், ஃபில்டரை மெதுவா திருப்பினான், பாத்திரம் பால் மாதிரி வெள்ளையா, ஒரு நிழல் இல்லாம நின்னுச்சு. "சிஸ்டர், உங்க ஊர் கோயில் நகைக்கு நானே ஒரு ரசிகன், உங்களை ஏமாத்துவேனா"ன்னு வேற சொன்னான். அந்தப் பேச்சுலயே மனசு எளகிப் போச்சு. மாமாவும் பக்கத்துல இருந்து பாத்துட்டு "வாங்கு மக்களே, நல்லாத்தான் இருக்கு"ன்னுட்டாரு. ஆப் வழியா வேண்டாம், நேரா யூபிஐல போட்டா 1,200 குறைக்கேன்னான், போட்டாச்சு, 16,800.

பெட்டி வந்துச்சு. கிண்டியை வச்சு லைட்டைப் போட்டா, எல்இடி ஒவ்வொண்ணும் தனித்தனி புள்ளியா வரிசையா பாத்திரத்துல விழுது, கூடாரத்தோட தையல் கோடு விழுது, முன்பக்கம் தொறந்து கிடக்கதால நடுவுல கறுப்பா ஒரு ஓட்டை, அதுக்குள்ள என் போனும் கையும். ஃபில்டரை மாட்டி திருப்பு திருப்புன்னு திருப்புனேன், ஒரு மாற்றமும் இல்ல. அதே ஃபில்டரை டம்ளர் தண்ணி பக்கம் திருப்பினா தண்ணி மேல உள்ள பளபளப்பு போகுது, தரை டைல்ஸ்ல போகுது, வெள்ளியில மட்டும் அப்படியே நிக்குது.

வெட்டூர்ணிமடத்துல ஸ்டூடியோ வச்சிருக்க ஒரு அண்ணாச்சிகிட்ட தூக்கிட்டுப் போனேன். கையில வாங்கிப் பாத்துட்டு இது சாதாரண போலரைசர்னாரு. தண்ணி, கண்ணாடி, இலை, பாலிஷ் போட்ட மரம் இதுல சாய்வா பட்டு வர்ற வெளிச்சம் ஒரே திசையில அதிரும், அதை ஃபில்டர் தடுக்கும், ஆனா வார்னிஷோ பெயிண்டோ இல்லாத வெறும் உலோகத்துல வெளிச்சம் அப்படி மாறாது, அதனால லென்ஸ்ல மட்டும் மாட்டினா வெள்ளிக்கு பிரயோஜனமே கிடையாதும்மா, இது போட்டோ படிக்கவன் முதல்ல படிக்க பாடம்னாரு. லைட்டு முன்னாலயும் போலரைசர் ஷீட் வச்சு குறுக்கா திருப்பினா பளபளப்பு போகுமாம், ஆனா வெள்ளி கறுத்து ஈயம் மாதிரி வந்திரும், அதை யாரு வாங்குவா? நான் அந்த வீடியோ காலை ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன், அதைக் காட்டினதும் சொன்னாரு, இது பாலிஷ் போட்ட வெள்ளியே இல்ல, ஒண்ணு மேட் பாலிஷ், இல்லன்னா பளபளப்பை மங்க வைக்க ஸ்ப்ரே அடிச்சிருக்கான், பாலிஷ் போட்ட வெள்ளின்னா கேமரா நிக்கிற ஓட்டையாவது எங்கயாவது கறுப்பா தெரிஞ்சே தீரும்னு. கேட்டதும் எனக்கு கை நடுங்கிருச்சு.

பணம் போடுறதுக்கு முன்னால ரெண்டு நிமிஷத்துல பதில் சொன்னவன், அதுக்கப்புறம் ஆளே மாறிட்டான். முதல்ல "ரூம் லைட்டை ஆஃப் பண்ணுங்க சிஸ்டர்". பண்ணேன். அப்புறம் "உங்க போன் கேமரா சரியில்ல, டிஎஸ்எல்ஆர் வேணும்". அண்ணாச்சி கேமராவுலயே எடுத்து அனுப்பினேன். அதுக்கு "பிரீமியம் டிஃப்யூஷன் ஷீட் 4,500, அது சேத்து வாங்கினாத்தான் ரிசல்ட் வரும்"ங்கான்! எடுத்துக்க, 16,800-ஐ திருப்பிக் குடுன்னு கேட்டா "சீல் உடைச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது". சீல் உடைக்காம எப்படிய்யா போட்டோ எடுத்துப் பாக்க? அப்புறம் "சார் லீவுல இருக்காரு", அதுக்கப்புறம் நீல டிக் மட்டும், நேத்தைக்கு பிளாக். ஆப்ல புகார் குடுத்தா பணம் எங்க வழியா வரலன்னு ஒரு வரி பதில். பேங்க்ல கேட்டா நீங்களே ஓகே குடுத்து அனுப்பின பணம்ங்காங்க. அந்த 1,200 குறைப்பு எதுக்குன்னு இப்ப புரியுது. 16,800 ரூவா, மாமா எத்தனை கிண்டி தட்டி சம்பாதிக்கணும் தெரியுமா?

சொன்ன மாதிரி, அவசரமா சிலது. லென்ஸ் ஃபில்டர் மாட்டினா வெள்ளியில பிரதிபலிப்பு போகும்னு எவன் சொன்னாலும் காசு குடுக்காதீங்க. வீடியோ கால்ல காட்டினா, உங்க பாத்திரத்தை மாதிரி பளபளன்னு உள்ளதை வைக்கச் சொல்லி அது பக்கத்துல அவன் விரலைக் காட்டச் சொல்லுங்க, விரல் அதுல தெரியணும். ஆப்புக்கு வெளியில பணம் போடாதீங்க. போட்டோவுக்கு, அண்ணாச்சி எடுத்துக் காட்டினது இதுதான்: பாத்திரத்தைச் சுத்தி வெள்ளை வேட்டியோ பட்டர் பேப்பரோ கட்டி வெளியிலிருந்து லைட்டு அடிங்க, முன்னால வெள்ளை சார்ட்டுல லென்ஸ் அளவுக்கு மட்டும் ஓட்டை, தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க, ஓரம் தெளிவா தெரிய ரெண்டு பக்கமும் கறுப்பு சார்ட் துண்டு வைங்க. பிரதிபலிப்பு போகாது, வெள்ளையும் கறுப்புமா நாம வச்சது மட்டும் தெரியும். செலவு நூத்தம்பது ரூவா கூட வரல.

சைபர் குற்ற உதவி எண் 1930-லயும் நுகர்வோர் உதவி எண் 1915-லயும் புகார் பதிஞ்சாச்சு. அடுத்து நாகர்கோவில் நுகர்வோர் கோர்ட்டு, 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடலாம். இதே கூடாரம், இதே ஃபில்டர், இதே "சிஸ்டர்" பேச்சுல மாட்டினவங்க நம்ம மாவட்டத்துல வேற யாராவது இருந்தா பில்லையும் பேச்சு ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காம வச்சிட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, சேந்தே போட்டுருவோம்.