பகல் நித்திரையா, மாலை நடையா?

கொழும்புக் கோட்டை அலுவலகங்களில் நாள் முழுதும் கணினியோடு மல்லுக்கட்டி மூளை களைத்தவர்கள், இவ்விரண்டில் எது நல்லதென்று கேட்கிறார்கள்.

நித்திரை: விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து நித்திரையைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருளைக் குறைப்பது இதுவே, 20 நிமிடம் போதும், நீண்டால் எழும்போது தலை மந்தமாக இருக்கும்.

நடை: அடினோசினை இது குறைக்காவிட்டாலும், காலிமுகத்திடலின் கடற்காற்றில் மனம் தெளிவதோடு இரவு நித்திரையும் ஆழமாகும்.

செலவு: நடைக்குப் பஸ் காசு மட்டுமே.

கடும் சிந்தனை வேலைக்குப் பின் மூளையின் முன்பகுதியில் குளூட்டமேட் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் கூடுவதை 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே இக்களைப்பைச் சோம்பல் என்று ஏசுவது பெரும் அநியாயம்.

கண் சொக்கினால் நித்திரை, எரிச்சல் மிகுந்தால் நடை. மாதக்கணக்காக நீடிக்கும் சோர்வுக்கோ இரண்டும் போதாது. வேலைப்பளுவையே குறைக்கக் கேளுங்கள்.