டாக்கோ லைன விட்டுட்டு ஸ்நாக்ஸ் டிரக்குக்கு போங்க: சான் ஆன்டோனியோ ஃபுட் டிரக் பார்க் அனுபவம்

டெக்சாஸ்ல இருக்கற சான் ஆன்டோனியோவுல நம்ம ஆளுங்க ஃபுட் டிரக் பார்க்குக்கு போனா நேரா டாக்கோ லைன்லதான் போய் நிக்கறாங்க. மெல்லிசான ரொட்டில கறியோ காயோ வச்சு மடிச்சு தர்ற டாக்கோ நல்லாதான் இருக்கும், ஆனா அதுக்கு பக்கத்துலயே சின்னதா ஒரு ஸ்நாக்ஸ் டிரக் நிக்கும் பாருங்க, சோளம், மாம்பழ ஐஸ், ஃப்ரூட் கப், சிப்ஸ் பாக்கெட்ட பக்கவாட்டுல வெட்டி அதுக்குள்ளயே எல்லாத்தையும் போட்டு தர்றதுன்னு, அதுதான் நமக்கானது. புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு நாலும் ஒரே வாயில வேணும்னு கேக்கற நாக்கு நமக்கு, அதுக்கு இத விட பொருத்தமா இந்த ஊர்ல நான் எதையும் சாப்டதில்ல.

முதல்ல கப் சோளம் வாங்குங்க. போர்டுல எஸ்கீட்டெஸ்னு இருக்கும், முழு கதிரா குச்சி சொருகி தந்தா எலோட்டே. நாங்க போன டிரக்ல ஒரு அக்கா பெரிய பாத்திரத்துல சோளத்த அது வெந்த தண்ணியோடயே சூடா வச்சிருந்தாங்க. ஜல்லிக்கரண்டியால அள்ளி நல்லா வடிச்சு பாதி கப் போட்டு, மயோனைஸ், லேசா புளிச்ச க்ரீம், கொட்டிஹா சீஸ உதிர்த்து ஒரு கை, அப்புறம் திரும்ப சோளம், திரும்ப அதே வரிசை, மேல லைம் பிழிஞ்சு மிளகாத்தூள் தூவி வாலென்டினான்னு ஒரு மெக்சிகோ ஹாட் சாஸ் ஊத்தினாங்க. இந்த ரெண்டு அடுக்குதாங்க விஷயம், அவசரத்துல எல்லாத்தையும் மேலயே கொட்டி குடுக்கற டிரக்ல பாதிக்கு அப்புறம் வெறும் அவிச்ச சோளம்தான் மிஞ்சும். சோளம் வேகும்போது எபசோட்டேன்னு ஒரு கீரை போட்டிருந்தா வாசனையிலயே தெரிஞ்சுடும், கொஞ்சம் கடுமையான வாசனைதான், ஆனா அது இருந்தா அந்த டிரக்க நம்பலாம். வெள்ள சோளம் இருக்கான்னும் கேட்டுக்கோங்க, இங்க கிடைக்கற ஸ்வீட் கார்ன் அளவுக்கு இனிக்காது, மாவுத்தன்மை ஜாஸ்தி, மென்னு சாப்ட நல்லா இருக்கும், மெக்சிகோ பக்கம் அதுலதான் செய்வாங்க. 6 டாலர், ரெண்டு பேர் ஷேர் பண்ணலாம்.

அடுத்தது மங்கோனாடா. மாம்பழ ஐஸ அரைச்சு கப்ல சமோய் சாஸோட மாத்தி மாத்தி போட்டு, மாம்பழ துண்டு வச்சு, தஹீன் பொடி தூவி, புளி மிட்டாய் சுத்தின ஒரு ஸ்ட்ராவ சொருகி தருவாங்க. சமோய்ங்கறது ஆப்ரிகாட், ப்ளம் மாதிரி பழத்த உப்புல ஊறப்போட்டு மிளகாயும் லைமும் சேர்த்து பண்ற சாஸ். தஹீன் 1985-ல மெக்சிகோவோட ஹலிஸ்கோ மாகாணத்துல ஆரம்பிச்ச பிராண்ட், முக்கியமா மிளகா, காய வச்ச லைம், உப்புதான். ஊர்ல இருந்து வந்திருக்கற எங்கம்மா ஒரு ஸ்பூன் வாயில வச்சுட்டு "என்னடி இது, வடுமாங்கா மேல ஐஸ் கொட்டின மாதிரி இருக்கு"ன்னாங்க, அப்புறம் கப்ப யாருக்கும் குடுக்கல.

அந்த கப்ப பாக்கறப்ப எல்லாம் எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்னு தோணும். மாங்காயும் புளியும் மெக்சிகோவோட சொந்த சரக்கு இல்ல, ரெண்டும் ஸ்பானிஷ்காரங்க காலத்துல வெளிய இருந்து போனது. 1565-ல இருந்து 1815 வரைக்கும் பிலிப்பைன்ஸோட மணிலாவுக்கும் மெக்சிகோவோட அகபுல்கோ துறைமுகத்துக்கும் கப்பல் ஓடிட்டு இருந்துச்சு, மெக்சிகோல ஒரு மாம்பழத்துக்கு இன்னிக்கும் மணிலான்னுதான் பேரு. அந்தப் பக்கத்து மிளகா போர்ச்சுகீஸ்காரங்க கையால நம்ம ஊருக்கு வந்துச்சு. அப்படி இருக்கறப்ப இந்த ருசி நமக்கு பழகின மாதிரி தெரியறதுல ஆச்சரியமே இல்ல.

டோஸ்டிலோகோஸ் கொஞ்சம் கவனமா ஆர்டர் பண்ணுங்க, முக்கியமா சைவம்னா. மெக்சிகோவோட டிஹுவானா நகரத்துல ஆரம்பிச்ச ஐட்டம் இது, டோஸ்டிடோஸ்ங்கற சோள சிப்ஸ் பாக்கெட்ட வெட்டி வெள்ளரிக்கா, ஹிகமா கிழங்கு, கடலை, லைம், சமோய், ஹாட் சாஸ் எல்லாம் போடுவாங்க, கூடவே குவெரிடோஸ்னு வினிகர்ல ஊறின பன்றித் தோலும் வரும், வெள்ளையா நீளமா இருக்கறதால பாத்தா தெரியாது. "சின் குவெரிடோஸ்"னு சொன்னா போடாம தருவாங்க. அந்த கடலை மேல மொறுமொறுன்னு ஒரு ஓடு இருக்கும், அத மெக்சிகோ சிட்டில 1940கள்ல நகதானின்னு ஒரு ஜப்பான்காரர் செஞ்சு விக்க ஆரம்பிச்சார், இப்பவும் ஜப்பான் கடலைன்னுதான் சொல்றாங்க, தனி பாக்கெட்டாவும் கிடைக்கும், டீக்கு செம. சிப்ஸ் சீக்கிரம் நமத்துடும், அதனால குடுத்த உடனே சாப்டணும். சைவக்காரங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம்: ரீஃப்ரைட் பீன்ஸ்ல, அதாவது வேக வச்சு மசிச்சு வதக்கின பீன்ஸ்ல, பன்றிக் கொழுப்பு போடறது சகஜம், மயோனைஸ்ல முட்டை இருக்கு, அது வேணாம்னா லைமும் மிளகாத்தூளும் மட்டும் கேளுங்க, அப்படியும் சோளம் நல்லாவே இருக்கும்.

சூரோஸ்ங்கற பொரிச்ச மாவு இனிப்பு பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, எப்பவோ பொரிச்சத சூடு பண்ணி தந்தாங்க, உள்ள ரப்பர் மாதிரி இழுத்துச்சு. ஃப்ரூட் கப்ல தர்பூசணி நல்ல இனிப்பு, அன்னாசி காய். ஓர்ச்சாட்டா வாங்கலாம், அரிசியும் பட்டையும் அரைச்சு செய்யற பானம், காரத்துக்கு அப்புறம் அது வயித்துக்கு இதமா இருந்துச்சு, சர்க்கரை மட்டும் தாராளம்.

கோடையில ஏழு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி பெஞ்ச்ல உக்கார முடியாது, அவ்ளோ சூடு. குழந்தைங்களுக்கு வாங்கறப்ப சமோய தனி கப்ல கேட்டு வாங்குங்க, சில டிரக்ல அதுவே நல்ல காரம். மங்கோனாடாவ கார்ல எடுத்துட்டு போலாம்னு மட்டும் நினைக்காதீங்க, டிரக் பக்கத்துலயே நின்னு முடிச்சுடுங்க, டெக்சாஸ் வெயில்ல ஐஸ் உருகி சமோய் எல்லாம் அடில போய் உக்காந்துடும்.